அரிசி இழுக்காத ஈரம்

“இன்னுமா ஈரம் போகலே?”

அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு அப்துல் ஜலீல் கேட்டார். மாவுக்கு ஊறப்போட அரிசி களைந்துகொண்டிருந்த ஆயிஷா திரும்பாமலே பதில் சொன்னாள்.

“அவசரப்படாதீங்க. பாதியில எடுத்தா உள்ள வேர்த்துக்கும். நேத்து நீங்களே அழுத்திப் பார்த்தீங்க, கறுப்பாத்தானே கெடந்துச்சு?”

அவர் மூலையில் இருந்த அரிசி டின்னையே பார்த்தார். அதற்குள், துணியில் முடிந்து, மகன் ஜாஹித்தின் போன் புதைந்து கிடந்தது. தண்ணீர் கரை தட்டி ஓடிய ஆற்றில், மதகுக்குக் கீழே பையனின் உடலை மீட்டபோது, பேன்ட்டின் ஜிப் வைத்த பையிலிருந்து எடுத்துக் கொடுத்தது. ஏழாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடித்தும் அது கண் திறக்கவில்லை.

“ஆயிஷா சொன்னா கேளுங்க தம்பி,” என்றாள் பூண்டு உரித்துக்கொண்டிருந்த ரஹ்மத் பீவி. பக்கத்து வீடு. செய்தி வந்த நாளிலிருந்து பாதி நேரம் இங்கேதான் இருக்கிறாள். “தெருவுக்கே அரிசி வைத்தியம் சொன்னவ. உப்பு ஜாடியில நாலு அரிசி போடுன்னா, அடைமழையிலயும் உப்பு கசியல. பிளாஸ்க்குல அரிசியைப் போட்டுக் குலுக்குன்னா, டீக்கறை போயே போச்சு. மாங்காயை அரிசிக்குள்ள புதைச்சுப் பழமாக்கித் தந்தா. எங்க வீட்டுக்காரருக்கு முட்டிவலின்னு வறுத்த அரிசியில ஒத்தடம் கொடுக்கச் சொன்னா. அந்த மனுஷன் இப்ப கூப்பிட்டா நிக்காம ஓடுறாரு, அதுதான் தொல்லை.”

யாரும் சிரிக்கவில்லை. ரஹ்மத் பீவி நாக்கைக் கடித்துக்கொண்டு அடுத்த பூண்டை எடுத்தாள்.

“அதுல அவன் கடைசியா எடுத்த செல்ஃபி இருக்குக்கா,” என்றார் ஜலீல். “மதகு மேல நின்னு செல்ஃபி எடுக்கப் போய்த்தான் விழுந்துட்டான்னு ஊரே சொல்லுது. அதை ஒரு தடவை பார்த்துட்டாப் போதும்.”

“புள்ளையே போயிட்டான். படத்தைப் பார்த்து என்ன தம்பி பண்ணப் போறீங்க?”

“அன்னைக்குக் காலைல ஒரு வார்த்தை சொல்லிட்டேன்க்கா. பரீட்சையில மறுபடியும் கோட்டை விட்டுட்டு வந்து நின்னான். ‘நீ இருக்கிறதும் ஒண்ணு, இல்லாததும் ஒண்ணு’ன்னுட்டேன். எந்த அத்தாதான் திட்டல? ஆனா சாயந்தரம் செல்ஃபி எடுத்திருக்கானே, சிரிச்சுக்கிட்டுத்தானே எடுத்திருப்பான்? அப்ப நான் சொன்னதை மனசுல வச்சுக்கலேன்னுதானே அர்த்தம்?”

அவர் பார்வை ஆயிஷாவின் முதுகில் வந்து நின்றது. கேள்வி ரஹ்மத் பீவிக்கு இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு நாளும் இதே கேள்வி, வேறு வேறு ஆளைச் சாக்கு வைத்து அவளிடம்தான் வருகிறது. கோபத்தில் வாயில் வந்ததைக் கொட்டிவிட்டு, பிறகு தனியாக உட்கார்ந்து கரைகிற மனுஷன். அவள் சொல்லும் பதிலை வைத்துத்தான் அன்றைய சோறு அவருக்கு இறங்கும்.

“சிரிச்சிருப்பான்,” என்றாள். “அவனுக்கு எப்பப் பாரு சிரிப்புதானே.”

“செல்ஃபி எடுத்த போன் பைக்குள்ள எப்படிப் போச்சு?” ரஹ்மத் பீவி யோசிக்காமல் கேட்டுவிட்டாள்.

“எடுத்துட்டுப் பையில போட்டு ஜிப்பை இழுத்திருக்கான். இறங்கும்போது பாசி வழுக்கியிருக்கு. இதுல என்ன இருக்கு?” ஜலீலின் குரல் உயர்ந்து, உடனே தணிந்தது. “கும்பகோணத்துல போன் ரிப்பேர் பண்ற ஜாஃபர் சாதிக் கிட்ட பேசிட்டேன் ஆயிஷா. ‘ஆத்துத் தண்ணிதானே, கழட்டிக் காயவச்சு உயிர் கொடுத்துடலாம். கடல் தண்ணின்னாதான் உப்பு உள்ள போய் அத்தனையும் அரிச்சுடும், ஒண்ணும் மிஞ்சாது’ன்னான். அஸர் தொழுதுட்டு வந்து எடுத்துக்கிட்டுப் போறேன்.”

“நாளைக்குப் போங்களேன். இன்னொரு நாள் அரிசியில கெடக்கட்டும். நம்ம வயல் பச்சரிசி, நல்லா இழுக்கும்.”

“வேண்டாம். இன்னைக்கே.”

தொப்பியை எடுத்துக்கொண்டு அவர் பள்ளிவாசலுக்குப் புறப்பட்டார். உரித்த பூண்டைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு ரஹ்மத் பீவியும் எழுந்து போனாள்.

ஆயிஷா கதவைத் தாழிட்டாள். டின்னுக்குள் கையை விட்டு முடிச்சை எடுத்து அவிழ்த்தாள். பொத்தானை அழுத்தியதும் திரை பளிச்சென்று எரிந்தது. நேற்றும், அதற்கு முன்பும், அவர் வந்து பார்ப்பதற்குமுன் அவள் எடுத்தபோதெல்லாம் எரிந்ததைப் போலவே. எத்தனை முறை நனைத்துப் புதைத்தாலும் பாழாய்ப்போன அரிசி அத்தனை ஈரத்தையும் குடித்துவிடுகிறது.

அதில் செல்ஃபி எதுவும் இல்லை. பேசிவைத்து அனுப்பாமல் விட்ட குரல் ஒன்றுதான் இருந்தது. ‘அத்தா, நீங்க காலைல சொன்னது சரிதான்...’

உப்பு ஜாடியை எடுத்து, அரிசி களைந்த தண்ணீரில் அப்படியே கவிழ்த்தாள். உப்போடு நாலு அரிசியும் விழுந்தன. கரைத்துவிட்டு, மகனின் போனை அதற்குள் அமுக்கி, கடைசிக் குமிழி அடங்கும்வரை கையை எடுக்காமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.