இடது கைக்கு ஒரு வகுப்பு

அம்பத்தூரில் இப்போது யாரும் பயிற்சி வகுப்பு தேடி அலைவதில்லை. யாருக்கு எது தேவைப்படப்போகிறது என்று நகரத்தின் கற்றல் செயலியே முன்கூட்டிச் சொல்லிவிடும். எதிர்வீட்டு ரெஜினாவுக்குத் தையல் வகுப்பு வந்தபோது அவள் சிரித்தாள். அடுத்த மாதமே அவள் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள்.

இன்று காலை, இரும்புத் தகடு வெட்டும் பிரஸ் மிஷின் ஓட்டும் கோதண்டத்தின் போனுக்குச் செய்தி வந்தது. 'இடது கையால் எழுதப் பழகுங்கள். வகுப்பு விரைவில் தொடக்கம்.'

அவனுடைய மனைவி பரிமளா அவன் வலது கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னிக்கு வேலைக்குப் போகாதீங்க."

"மிஷின்லதான் ஆகும்னு அதுல போடலையே. வீட்டுலயே இருந்தாலும் ஆகலாம்."

மாடி வீட்டு ஸ்டீபன் லட்டு டப்பாவோடு உள்ளே வந்தான். ரொம்ப நாளாக வேலை இல்லாமல் இருந்தவன்.

"அண்ணே, எனக்கும் வகுப்பு வந்துடுச்சு. பிரஸ் மிஷின் ஓட்டக் கத்துத் தருவாங்களாம். உங்க கம்பெனியிலதான் ஒரு இடம் காலியாகப் போகுதாம். யாரோ நின்னுடுறாங்க போல."

லட்டை வாங்குவதற்காகக் கோதண்டம் கையை விடுவிக்கப் பார்த்தான். பரிமளா விடவில்லை.

கடைசியில் அவன் இடது கையைத்தான் நீட்டினான்.