படிக்க மட்டும்

கடை அலமாரியில் விலை குறைந்த இரண்டு லாப்டாப்கள் அருகருகே இருந்தன. ஓர் அப்பாவும் மகளும் வந்தார்கள்.

"இவ படிக்கறதுக்குத்தான். கேம் எதுவும் ஓடக் கூடாது," என்றார் அப்பா.

"எனக்குள்ள ஓடுமே. தெரிஞ்சா விட்டுட்டுப் போயிடுவார்," என்று கவலைப்பட்டது கறுப்பு லாப்டாப்.

"அந்தப் பொண்ணு கேட்டாத்தானே தெரியும்? பார்ப்போம்," என்றது வெள்ளை.

மகள் கேட்கவில்லை. கறுப்பைத் தன் பள்ளிப் பையில் வைத்துப் பார்த்தாள். புத்தகங்களோடு சரியாக அடங்கியது. "இது போதும்ப்பா," என்றவள் தண்ணீர் குடிக்கப் போனாள்.

அவள் தலை மறைந்ததும் அப்பா கடைக்காரரிடம் குரலைத் தாழ்த்தினார். "இதுல கார் ரேஸ் ஓடுமா?"

"நல்லாவே ஓடும் சார்."

"அப்ப பில் போட்டுடுங்க."

வெள்ளை லாப்டாப் யோசித்தது. "அந்தப் பொண்ணு கைக்கு நீ எப்பக் கிடைப்பே?"