நாலு மணிப் பழுது

"ஏலே, நீ லைன்மேனா, இல்ல கம்பத்துல ஏறி ஊரை வேடிக்கை பாக்க வந்தவனா?"

சேலைக் கம்பெனி முதலாளி சங்கரலிங்கம் போட்ட சத்தம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும். விருதுநகர் வியாபாரிகள் இரண்டு பேர் எதிரே உட்கார்ந்து காப்பி குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலை குனிந்து நின்றார் லைன்மேன் துரைப்பாண்டி.

கம்பெனிக்கு டிஜிட்டல் டெலிபோன் போர்டு வந்து மூன்று மாதம். அதில் வெளியூர் லைன் மட்டும் பத்து நாளாக, நாலு மணியானால் வேலை செய்வதில்லை. பம்பாயில் இருக்கும் ஒரே மகனோடு முதலாளி பேசுகிற நேரம் அது. துரைப்பாண்டி வந்து சேர்வதற்குள் லைன் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி சரியாகிவிடும்.

இன்றைக்குப் பழுதைப் பிடிக்காவிட்டால் நாளை வர வேண்டாம் என்று டெலிபோன் ஆபீஸில் சொல்லிவிட்டதால், இன்று நாலு மணிக்கே வந்து நின்றார். ஒன்பது வருஷத் தினக்கூலி மனுஷர். நிரந்தர ஆர்டர் கைக்கு வருகிற சமயம்.

போர்டு முன்னால் ஆபரேட்டர் ஞானபூரணம் உட்கார்ந்திருந்தாள். பழுது எங்கே என்று அவளுக்குத் தெரியும். தினமும் நாலு மணிக்கு முன்னால் முதலாளி அவளை டீ சொல்லி வர அனுப்புவார். போர்டுக்குப் பின்னால் கையை விட்டு வெளியூர் லைன் வயரை உருவுவார். கதவிடுக்கில் இரண்டு நாள் பார்த்துவிட்டாள். ஏன் என்றுதான் விளங்கவில்லை. வாயைத் திறந்தால் அவள் வேலை போகும். தன் கோழைத்தனம் அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

"கம்பம் வரைக்கும் லைன் சுத்தமா இருக்கு முதலாளி. போர்டையும் ஒரு தடவை பாத்துருதேன்."

முதலாளி முகம் வெளுத்தது.

துரைப்பாண்டி குனிந்து டார்ச் அடித்தார். உருவின வயர் அவர் மூக்குக்கு நேரே தொங்கியது. அப்பாடா, மனுஷர் பிழைத்தார் என்று ஞானபூரணம் மூச்சு விட்டாள்.

அவர் நிமிர்ந்தார்.

"போர்டுல ஒண்ணும் இல்ல. பழுது எங்க லைன்லதான். எனக்குப் பிடிபடலை."

"கேட்டீரா வே? எம் பையன் அங்கன போன் பக்கத்துலயே காத்துக் கெடப்பான்!" என்றார் முதலாளி, வியாபாரிகளிடம். அதே சூட்டோடு, இவருக்கு டிஜிட்டல் லைன் பார்க்கத் தெரியாது, வேறு ஆளை அனுப்பவும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார். துரைப்பாண்டி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

ஞானபூரணம் வாசலுக்கு ஓடினாள்.

"அண்ணாச்சி, வயரு உங்க கண்ணுல படலையா? முதலாளிதான் புடுங்குதாங்க. நான் ஆபீஸுக்கு வந்து சொல்லுதேன். என் வேலை போனாப் போவட்டும்."

"பட்டுது தாயி. யாருன்னும் தெரியும். நீ யாருட்டயும் சொல்லிராத."

"பொறவு எதுக்கு அண்ணாச்சி பழியை ஏத்துக்கிட்டிய?"

துரைப்பாண்டி சைக்கிளைத் திருப்பினார்.

"பத்துப் பதினோரு நாளைக்கு முன்ன கம்பத்து மேல இருந்து லைன் டெஸ்ட் பண்ணுதேன், அப்பனும் மவனும் பேசுதது காதுல விழுந்துட்டு. 'இனிமே இங்க போன் பண்ணாதிய, எனக்கு அப்பன்னு யாரும் கிடையாது'ன்னு வச்சுட்டான் அந்தப் பய. மறுநாள்ல இருந்துதான் இந்தப் பழுது. அது லைன்லயே இருந்துட்டுப் போவட்டும் தாயி."