இயல்பான துடிப்பு

வெள்ளை எலியின் வயிற்றுக்குள் இதயத் துடிப்பை எண்ணும் சின்னக் கருவி ஒன்றை வைத்துத் தைத்திருந்தார்கள். தையலை இன்னொரு எலி கடித்துவிடும் என்று பயந்து நான்கு மாதம் அதைத் தனிக் கூண்டில் வைத்தார்கள். பிறகு எலிகளைத் தனியாக வைக்கக் கூடாது என்று ஆய்வக விதி மாறியது. துணைக்கு ஒரு சாம்பல் எலி வந்தது.

"கொஞ்சம் தள்ளிப் படுங்கக்கா" என்று அது ஒட்டிப் படுத்துக்கொண்டது.

மறுநாள் பத்து மணிக்குத் துடிப்பைக் காட்டும் திரையைப் பார்த்த ஆய்வாளர் உதட்டைப் பிதுக்கினார்.

"எப்பவும் நிமிஷத்துக்கு நானூறு அடிக்கும். இன்னைக்கு முந்நூத்திச் சொச்சம். கருவி கெட்டுப்போச்சு. நாளைக்கும் இப்படியே இருந்தா வயித்தைத் திறந்து மாத்திட்டு, பழையபடி தனியா வெச்சிடலாம்."

அவர் போனதும் சாம்பல் எலி கேட்டது: "நீங்க நிம்மதியா இருந்தா அந்த ஆளுக்கு என்னக்கா?"

"தனியா இருந்தப்ப படபடன்னு அடிச்சதுதான் அவருக்குத் தெரியும்."

"அப்ப சண்டை போடுவோமா?"

"அறிவுகெட்டவளே, உடனே பிரிச்சிடுவாங்க. ஓடலாம் வா."

அன்றிலிருந்து அவர் காலடி கேட்டதுமே இரண்டும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு கூண்டைச் சுற்றின. திரை நானூறு காட்டியது.

ஒரு வாரம் பார்த்துவிட்டு ஆய்வாளர் குறிப்பேட்டில் எழுதினார்: "துணையால் எந்த மாற்றமும் இல்லை. கூடவே இருக்கட்டும்."

கதவு சாத்தும் சத்தம் கேட்டதும், மூச்சிரைக்க இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன.