அவிழாத ஷூ லேஸ்

'மார்ச் 14. இன்று ஒரு சிறு தவறு. அவிழாத ஷூ லேஸைக் கட்டினேன்.'

அதற்கு மேல் நீலமேகத்துக்கு எழுத ஓடவில்லை. கார் இல்லாதவர்கள்தான் நடப்பார்கள் என்று நம்புகிற ஊர் அது. மாலை வகுப்பில் கூடப் படிக்கும் தமயந்தியோடு ஏரிப் பூங்காவைச் சுற்றி நடக்கலாம் என்று கிளம்பியவன் பக்கத்தில் அலுவலக மேலாளரின் கார் வந்து நின்றது.

"என்னப்பா, நடராஜா சர்வீஸா? வண்டி ரிப்பேரா?"

இதுவரை காரே வாங்காதவன், "ஆமா சார்" என்று ஏறிக்கொண்டான். நடக்கப் பிடிக்கும் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

பூங்கா வாசல் சிக்னலில் கார் நின்றது. தமயந்தி அங்கே இரண்டு பொட்டலம் வேர்க்கடலையோடு காத்திருந்தாள்.

"பாவம், அந்தப் பொண்ணுக்கும் வண்டி இல்ல போல. உனக்குத் தெரிஞ்சவளா? ஏத்திக்கலாமா?"

"தெரியாது சார்" என்று சொல்லிவிட்டு நீலமேகம் காலடியில் குனிந்தான். லேஸை இழுத்து இழுத்துக் கட்டினான். நிமிர்ந்தபோது அவள் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிடத் தூக்கிய கை பாதியில் நின்றிருந்தது.

பேனாவை மறுபடி எடுத்தான்.

'நாளை: மேலாளரின் கார் வருவதற்கு முன்பே நடந்து போய், பூங்கா வாசலில் சாலையைப் பார்த்து நிற்க வேண்டும். அவள் வராவிட்டாலும்.'