நடுச்சுவரில் ஒரு படம்

மாலை போட்டுத் தொங்கிய தன் படத்தைப் பார்த்ததும் அய்யாவு வாய்விட்டுச் சிரித்துவிட்டார். கையிலிருந்த கறுப்பு எண்ணெய் டின் தளும்பித் தரையில் கொஞ்சம் கொட்டியது.

“டேய் காளி, இங்க வா! இது யாருன்னு பாரு!”

காளிதாசன் ஏணியிலிருந்து இறங்கி வந்தான். படத்தில் ஓர் இளவட்டம். தலையில் விளக்கு கட்டி, தோளில் காண்டாக் கம்பும் அதில் தொங்கும் பால் வாளிகளுமாக ரப்பர் மரத்தடியில் நின்று சிரித்தது. முன்பல் ஒன்று கோணல்.

“அந்தக் கோணப் பல்லு உங்களோடதுதாண்ணே! எப்பண்ணே செத்தீங்க? ஒரு வார்த்தை சொல்லல?”

“நேத்துதாண்டா. பதினாறாம் நாள் சாப்பாடு இங்கயே வச்சிருக்கேன், வந்து தின்னுட்டுப் போ.”

பாக்கார் ஆராங் கடைத்தெருவில் மறுநாள் திறக்கவிருந்த அந்தச் சாப்பாட்டுக் கடையைத் ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயம் மாதிரியே கட்டியிருந்தார்கள். தகரக் கூரை, பலகைச் சுவர், ரப்பர் பால் பிடிக்கும் மங்குக் கிண்ணங்களைக் கவிழ்த்துச் செய்த விளக்குகள். புதுப் பலகைகளுக்குக் கறுப்பு எண்ணெய் பூசிப் பழசாக்குவதுதான் இவர்கள் இரண்டு பேருக்கும் வேலை.

அய்யாவு நிஜ லயத்தில் இருப்பவர். பீடோங் பக்கத்தில் இருக்கும் அந்த வீட்டை இந்த மாதக் கடைசியில் இடிக்கிறார்கள். எங்கே போவீர்கள் என்று கேட்டவர்களிடமெல்லாம் அவர் ஒரே பதிலைத்தான் சொன்னார். அலோர் ஸ்டாரில் மகன் வசந்தன் வீடு வாங்கியிருக்கிறான், ‘ஷாமளாகிட்ட பேசிட்டு வந்து கூட்டிட்டுப் போறேம்ப்பா’ என்று போனில் சொல்லியிருக்கிறான். துணிப்பையைக்கூடக் கட்டி வைத்தாயிற்று.

மருமகள் ஷாமளாவை அவர் இன்னும் நேரில் பார்த்ததில்லை. கோவிட் நேரத்துக் கல்யாணம், ஆள் கூட்டக் கூடாது என்று வசந்தன் சொல்லிவிட்டான். அவன் போன் செய்வதும் எப்போதும் காருக்குள்ளிருந்துதான். அவ்வளவு வேலை அவனுக்கு.

கண்ணாடியில் நெற்றிக்கு நேராகக் குங்குமம் வைத்திருந்தது. அய்யாவு சட்டை நுனியால் துடைத்தார், போகவில்லை. நகத்தால் சுரண்டினார். அடுக்கடுக்காகப் பெயர்ந்தது.

“என்னா பசையப் போட்டுத் தடவுனாங்களோ, போவ மாட்டேங்குது.”

“ஐயோ அங்கிள், அதைத் தொடாதீங்க லா! இந்தக் கடையிலயே அது ஒண்ணுதான் ஒரிஜினல்!”

ஓடி வந்தவள் ஷரோன், கடையை வடிவமைத்த பெண். யாழ்ப்பாணத்து வேதக்காரக் குடும்பம், கழுத்தில் சின்னச் சிலுவை.

“இந்தப் படம் ஏது பாப்பா?”

“தோட்டத்துப் பழைய படம் யாருகிட்டயாச்சும் இருக்கான்னு ஃபேஸ்புக்ல கேட்டேன். அலோர் ஸ்டார்ல ஷாமளான்னு ஒரு டீச்சர், அவங்க மாமனார் படமாம், குடுத்தாங்க. புருஷனுக்குத் தெரியாது. நாளைக்குத் திறப்பு விழாவுக்குக் கூட்டிட்டு வந்து சர்ப்ரைஸா காட்டப் போறாங்க.”

அய்யாவுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. முதன்முதலாக வேலைக்குக் கிளம்பிய அன்றைக்கு வசந்தன் கேட்டு வாங்கிக்கொண்டு போன படம் அது. இத்தனை காலம் வீட்டில் வைத்திருந்திருக்கிறான்.

“கேட்டியாடா காளி! என் மருமகடா! மூஞ்சியே பார்க்காத மாமனாரைக் கொண்டாந்து நடுச்சுவத்துல மாட்ட வச்சிருக்காடா!” கண்ணைத் துடைத்துக்கொண்டு ஷரோன் பக்கம் திரும்பினார். “பாப்பா, அது நான்தான்.”

ஷரோன் படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“நீங்களா? ஷாமளாவோட மாமனாரா?”

“ஏன், முடி கொட்டிட்டா ஆளு மாறிருமா? இந்தா, பல்லைப் பாரு.” ஈயென்று காட்டினார். “நாளைக்கு அவங்க வர்றப்போ நானும் வாசல்லயே நிக்கிறேன். மவன் கூப்புட வர்ற வரைக்கும் என்னாத்துக்குக் காத்திருக்கணும்? துணிப்பையோட அப்படியே கார்ல ஏறிற வேண்டியதுதான்.”

“ஏறுங்கண்ணே. எங்களையும் மறந்துறாதீங்க” என்றான் காளிதாசன்.

ஷரோனின் முகம் வெளுத்துப் போயிருந்தது. செய்த தப்பு தெரிந்து கூசுகிறாள் என்று அய்யாவு நினைத்துக்கொண்டார்.

“அதுக்கு ஏம்மா மூஞ்சிய இப்படி வச்சிக்கிற? உங்க வேதத்துல இந்த வழக்கம் கெடயாது, உனக்கு எப்படித் தெரியும்? உசுரோட இருக்கறவன் படத்துக்கு மாலை போட்டுக் குங்குமம் வைக்கக் கூடாது. அது செத்தவனுக்கும்மா. நாளைக்கு என் மருமக இதைப் பார்த்தா மனசு ஒடஞ்சு போயிருவா. கழட்டிருவோம்.”

எக்கி மாலையைப் பிடித்து இழுத்தார். மாலையின் காய்ந்த சந்தனச் சீவல்கள் தூள் தூளாக உதிர்ந்து அவர் கையில் விழுந்தன.

“ஷாமளா மாலையோடதான் குடுத்தாங்க, அங்கிள்.”