வாசலில் சாய்ந்த புல்லட்

பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை, பெண் வீட்டு வாசலிலேயே புல்லட்டோடு சாய்ந்துவிட்டான். வண்டியை நிறுத்தினானே தவிர, காலைத் தரையில் ஊன்றவில்லை. கோலாரிலிருந்து அத்தனை தூரம் விழாமல் வந்தவன், தொம்மலூரில் அந்தப் பெண் சந்திரம்மா போட்ட கோலத்தின் மேல் இடப்பக்கமாகச் சரிந்தான்.

அவளுடைய அப்பா சின்னப்பாவும் கல்யாணத் தரகர் பச்சைமுத்துவும் ஓடிப்போய்த் தாங்கிப் பிடித்தார்கள்.

"ஜன்னல்ல பொண்ணு நிக்கறதைப் பார்த்துட்டார். அதான் கால் தரையில பாவல!" என்றார் தரகர்.

தெருவே சிரித்தது. மாப்பிள்ளை ஜெயராமனும் பேன்ட்டைத் தட்டிவிட்டுக்கொண்டு சிரித்தான். சந்திரம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவள் பார்த்தது மாப்பிள்ளையை அல்ல, அவன் வண்டியின் டயரை.

அதற்கு அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. வீட்டை ஒட்டியே சின்னப்பாவின் டயர் கடை. சீனாச் சண்டை முடிந்த வருஷம் அது; பட்டாளத்து மோட்டார் சைக்கிள்கள்கூட அங்கேதான் வரும். எந்த வண்டியானாலும் அவள் ஒரு சுற்றுப் பார்த்த பிறகுதான் அந்த வாசலை விட்டுக் கிளம்பும்.

உள்ளே ஜெயராமன் காபியை ஆற்றிக்கொண்டே பேசினான். "எனக்கு அப்பா, அம்மா, கூடப் பொறந்தவங்க யாரும் இல்ல மாமா. ஒண்டிக்கட்டை. ரூம்ல நானு, வாசல்ல புல்லட்டு, அவ்ளோதான் என் குடும்பம். புதுசா வாங்கினதிலேர்ந்து அந்த வண்டியில என்னைத் தவிர ஒருத்தரும் வந்ததில்ல. முதல்ல வரப்போறது உங்க பொண்ணுதான்."

சின்னப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நகை வேண்டாம், சீர் வேண்டாம், இன்றைக்கே தட்டு மாற்றிக்கொள்ளலாம், வருகிற வெள்ளிக்கிழமையே கோயிலில் தாலி என்கிற மாப்பிள்ளை யாருக்குக் கிடைப்பான்? அவன் போட்டது ஒரே ஒரு நிபந்தனைதான்.

"டயர் கடைப் பக்கம் இனிமே போகக்கூடாது. கிரீஸ் கையோட என் வீட்டுக்குள்ள வர வேணாம்."

"கடையை நான் விடமாட்டேன்" என்றாள் சந்திரம்மா.

"வாயை மூடுடி" என்று அம்மா முத்தம்மா அவள் தொடையில் கிள்ளினாள். "வயசு இருபத்தாறு ஆச்சு. இதையும் கெடுத்துக்காத."

வெளியே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ஜெயராமன் எழுந்தான். "மழைக்கு முன்னாடி கிளம்பணும். தட்டை மாத்திடலாமா?"

சின்னப்பா வெற்றிலைத் தட்டை இரண்டு கையாலும் எடுத்தார்.

"ஸ்வல்பம் இரு நைனா. வண்டியை இன்னும் பார்க்கல" என்று சொல்லிவிட்டு, சந்திரம்மா பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள்.

எல்லோரும் பின்னாலேயே ஓடினார்கள். அவள் மண்ணில் மண்டியிட்டு பிரேக்கை அழுத்திப் பார்த்தாள், செயினை ஆட்டிப் பார்த்தாள், பின் டயரில் கையை வைத்துத் தடவினாள். கலைந்துபோன கூட்டம் மறுபடி கூடியது. முத்தம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"இந்த டயரோட ஈர ரோட்டுல போகாதீங்க சார், வழுக்கிடும். இடப்பக்கம் பாருங்க, சுத்த மொட்டை. வலப்பக்கம் ரப்பர் பட்டன் தேயாம அப்படியே நிக்குது."

"ரோடு ஒரு பக்கமா சரிஞ்சு கிடக்கு. அதான்."

"அந்த ரோட்டுல வர்ற வண்டிங்க தினமும் எங்க கடைக்கு வருது. எதுவும் இப்படித் தேயல."

"ஒரு வருஷமா இதே டயர்லதான் ஓட்டறேன். ஒரு தடவைகூட சாஞ்சதில்ல!"

"இன்னிக்கு சாஞ்சீங்களே?"

கூட்டத்தில் யாரோ விசில் அடித்தார்கள். ஜெயராமனின் முகம் சிவந்தது. "என்ன மாமா இது? பொண்ணு பார்க்க வந்தா என் வண்டிக்கு இன்ஸ்பெக்‌ஷனா? அவளை எழுந்திருக்கச் சொல்லுங்க. இல்லன்னா தட்டும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

"அம்மாடி, பேஜார் பண்ணாத. எழுந்திரு" என்று சின்னப்பா கெஞ்சினார்.

"முடியாது நைனா. பார்க்காம எந்த வண்டியையும் நான் இந்த வாசல்லேர்ந்து அனுப்பினதில்ல. பார்க்காம என்னை அனுப்பவும் உன்னை விடமாட்டேன்."

சொல்லிவிட்டு, வண்டிச் சட்டத்தின் இடப்பக்கம் படிந்திருந்த சேற்றை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். பட்டுப்புடவை பாழாய்ப் போனது. சேற்றுக்கு அடியில் பெயின்ட் உரிந்து, கனமான எதையோ சமீபத்தில் கழற்றி எடுத்த தழும்புகள் பளபளத்தன.

சின்னப்பா குனிந்து பார்த்தார். அவரும் டயர்க்காரர்தானே. வெற்றிலைத் தட்டை முத்தம்மாவின் கையில் கொடுத்தார். தரகர் பச்சைமுத்து மெல்லப் பின்வாங்கிக் கூட்டத்தோடு கலந்துவிட்டார்.

சந்திரம்மா எழுந்து நின்று, மாப்பிள்ளையை முதல் தடவையாக நேருக்கு நேர் பார்த்தாள்.

"மூணு சக்கரத்துல ஓட்டிப் பழகினவங்கதான் வண்டியை நிறுத்தும்போது காலை ஊன மறப்பாங்க. பக்கத்துல ஆள் உட்கார்ற சைட்கார் இதுல இருந்திருக்கு; அதான் டயர் ஒரு பக்கமா தேஞ்சிருக்கு. ஒண்டிக்கட்டைக்கு எதுக்கு சார் சைட்கார்?"

ஜெயராமன் சட்டென்று திரும்பினான். அவசரமாக வண்டியில் ஏறி கிக்கரை உதைத்தான். இந்தத் தடவை இடது காலைத் தரையில் பத்திரமாக ஊன்றியிருந்தான்.

சந்திரம்மா விடவில்லை. தெருக்கோடி வரைக்கும் கேட்கிற குரலில் கேட்டாள்:

"உங்க சம்சாரத்தை ஏன் கூட்டிட்டு வரல?"